கல், கட்டை, இரும்பு: வீட்டு ஜிம்முக்குப் பின்னால ஒரு வரலாறு

வீட்டில ஜிம் போடுறது கொவிட் காலத்தில வந்த பழக்கம் என்டுதான் நிறையப் பேர் நினைச்சிட்டு இருக்காங்க. 2020 மார்ச்சில ஊரடங்கு போட்டாங்க, ஜிம் எல்லாம் பூட்டுப்பட்டுது, உலகம் முழுக்க டம்பெல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது, யூடியூப்பில ஆளாளுக்குத் தண்ணிப் போத்தலைத் தூக்கிக் காட்டினாங்க. அதெல்லாம் நடந்ததுதான். ஆனா வீட்டுக்குள்ள வைச்சுச் செய்யிற பயிற்சிச் சாமானை வித்து ஒரு மனிதர் பெரும் பணக்காரராகி நூற்றிருபது வருசத்துக்கு மேல ஆகுது. அவர்ர பெயர் தமிழ் ஆக்களின்ட வாயில இன்னும் இருக்கு. கையில்லாத பனியனுக்கு இந்தியாவில 'சாண்டோ பனியன்' என்டு சொல்றாங்களே, அந்த சாண்டோதான் அவர்.

அதுக்கும் முந்தி ஒருவர் இருக்கார். 1711 இல் லண்டனில 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில ஜோசப் அடிசன் என்ற கட்டுரையாளர், தான் தினமும் காலையில ஒரு மணித்தியாலம் அறையின் மூலையில இருக்கிற 'ஊமை மணி'யோட பயிற்சி செய்யிறதாக எழுதினார். தேவாலயத்தில கயிறு இழுத்து மணி அடிக்கிற ஆக்களுக்கு நல்ல தோள் வரும். அந்த வேலையை வீட்டில செய்யலாம், ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காது போகும். அதால மணி இல்லாத, சத்தம் வராத மணிப்பொறி செய்தாங்க. டம்பெல் என்ற சொல்லுக்கு ஊமை மணி என்டுதான் அர்த்தம். அறை, மூலை, காலை, அயலவனுக்குத் தொந்தரவு இல்லாத பயிற்சி. இன்றைக்கு நாங்க தேடுற அத்தனையும் அந்த ஒரு வரியில இருக்கு.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஒரு குடும்பக் காரணம் இருக்கு. எங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு பத்தி இருக்கு, ஏழடி அகலம், பன்னிரண்டு அடி நீளம். அதில எடைப் பயிற்சிக்கு ஏதாவது போடுவம் என்டு நானும் தங்கச்சியும் முடிவெடுத்தம். ஜிம்முக்குப் போகலாம்தானே என்டு கேட்பீங்க. போய்ப் பாத்தம். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு என்டு ஒதுக்கின நேரம் கிழமையில ரெண்டு நாள், காலை பத்து மணி. அந்த நேரம் எனக்கு வந்தாறுமூலையில விரிவுரை, தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம். கட்டாரில இருக்கிற அண்ணன் காசு அனுப்புறன் என்டு சொன்னதோட ஒரு படமும் அனுப்பினான்: கேபிள், கப்பி, குஷன் எல்லாம் வைச்ச பெரிய மல்டிஜிம். எனக்கு அது பிடிக்கல்ல. ஏன் பிடிக்கல்ல என்டு அவனுக்குச் சொல்லப் போய்த்தான் வரலாற்றுக்குள்ள விழுந்தன்.

முதல்ல கல். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில இளவட்டக்கல் என்டு ஒரு சாமான் கிடக்கும். ஊர்ப் பொது இடத்தில, உருண்டையா, வழுவழுப்பா, பிடிக்க ஒரு கைப்பிடியும் இல்லாம. இளம் ஆம்பிளைகள் அதைக் குந்திக் கட்டிப்பிடிச்சு, மடியில ஏத்தி, நெஞ்சில அணைச்சு, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால போடணும். தூக்கினவனுக்குப் பெண் குடுப்பாங்க என்ட கதையால கல்யாணக் கல் என்டும் பெயர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில இன்றைக்கும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்குது, பெண்களும் தூக்குறாங்க. கல்யாணக் கதையை விடுங்க, எனக்கு அதில முக்கியமாப் பட்டது வேற ஒரு விசயம். ஒரு ஊரில இருந்தது ஒரு கல்லோ சில கற்களோதான். அதின்ட பாரம் மாறாது. தூக்கினா நீ ஆள், தூக்காட்டி நீ ஆள் இல்ல. 40 கிலோவிலிருந்து 42க்குப் போறதுக்கு அந்தக் கல்லில வழியே கிடையாது. அது பலத்தைச் சோதிக்கிற சாமான், வளர்க்கிற சாமான் இல்ல.

எங்கட பக்கம் பலம் இன்னொரு விதமாக் கணக்கு வைக்கப்பட்டது. மட்டக்களப்பில கண்ணகி அம்மன் வழிபாட்டோட சேர்ந்த கொம்புமுறி விளையாட்டைப் பெரியாக்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. ஊர் வடசேரி, தென்சேரி என்டு ரெண்டாப் பிரியும். வளைந்த ரெண்டு கொம்புகளை ஒன்றோட ஒன்று கொளுவி, கயிறு கட்டி, ரெண்டு பக்கமும் ஆக்கள் திரண்டு இழுப்பாங்க. எந்தச் சேரியின்ட கொம்பு முறியுதோ அந்தச் சேரிக்கு வசைப்பாட்டு. இதில யார் பலசாலி என்டு தனியாக் கண்டுபிடிக்க ஏலாது. கரைவலையும் அப்படித்தான். மாதா கோயில் மணி மாதிரி எல்லாருக்கும் ஒரே தாளம், ஒரே கயிறு. களவெட்டியில நெல்லு மூடை தூக்கினவன் தனியாத்தான் தூக்கினான், ஆனா அதை யாரும் பயிற்சி என்டு சொல்லல்ல, கூலி என்டுதான் சொன்னாங்க. இலங்கையில பல கரைகளில உழவு இயந்திரம் வலை இழுக்க வந்தது, அறுவடை இயந்திரம் வந்து களவெட்டியும் இல்லாமப் போகுது. உடம்பு தானா வேலையில இறுகின காலம் முடியக்குள்ளதான் உடம்பை இறுக்கிறதுக்கென்டு தனியாச் சாமான் வாங்கத் தொடங்குறம். இது எங்கட ஊரில மட்டும் நடந்த கதை இல்ல. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போன ஐரோப்பாவில இது எங்களுக்கு முந்தியே நடந்தது.

களவெட்டி என்டதும் ரஷ்யா ஞாபகம் வருது. இப்ப ஜிம்மில ஸ்டைலாத் தூக்கிற கெட்டில்பெல் அங்கத்தைய தானியச் சந்தையில தராசுக்கு எதிர்ப்படியா வைச்ச இரும்புக் குண்டு. பெயர் கிர்யா. அளவு 'பூட்' கணக்கு, ஒரு பூட் 16.38 கிலோ. அதாலதான் இன்றைக்கும் கெட்டில்பெல் 16, 24, 32 என்டு வருது: ஒன்று, ஒன்றரை, ரெண்டு பூட். தானியம் நிறுக்கிற ஆக்கள் ஓய்வு நேரத்தில படிக்கல்லைத் தூக்கிப் போட்டி போட்டதில தொடங்கினது. எங்கட ஆக்கள் நெல்லை நிறுக்கல்ல, அளந்தாங்க, அவணத்திலயும் புசலிலயும். ஒரு புசல் நெல்லு ஏறத்தாழ 21 கிலோ. நாங்களும் நிறுத்திருந்தா எங்களுக்கும் ஒரு மட்டக்களப்புக் குண்டு கிடைச்சிருக்குமோ என்னவோ.

அடுத்தது கட்டை. கர்லாக்கட்டை தமிழ்நாட்டுச் சிலம்பக் கூடங்களிலயும், அதின்ட வடஇந்தியச் சொந்தங்கள் மல்யுத்தக் கூடங்களிலயும் பழைய காலத்தில இருந்தே சுத்தப்படுது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில இந்தியாவில இருந்த பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இதைப் பாத்தாங்க, பிடிச்சுப்போச்சு, தங்கட சிப்பாய்களுக்குப் பழக்கினாங்க. 1834 இல் டொனால்ட் வாக்கர் லண்டனில வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகத்தில அது 'இந்தியக் கட்டை' ஆயிற்று. அமெரிக்காவில சிம் கேஹோ 1866 இல் அதுக்கென்டே ஒரு புத்தகம் போட்டு, கட்டைகளையும் செய்து வித்தார். சாரைசாரையா நடுத்தர வர்க்கத்து ஆம்பிளை, பொம்பிளை எல்லாரும் வீட்டு விறாந்தையில கட்டை சுத்தினாங்க. 1904 சென் லூயிஸ் ஒலிம்பிக்கிலயும் 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலயும் கட்டை சுத்துறது ஒரு பதக்கப் போட்டியாகவே இருந்தது.

இதில வேடிக்கை என்னென்டா, இந்தியாவில பாரமா, ஆளின்ட இடுப்புயரத்துக்கு இருந்த கட்டை, கப்பலேறிப் போனதும் ஒல்லியாகி, ஒரு கிலோ ரெண்டு கிலோவாகி, பியானோ இசைக்குச் சுத்துற சாமானாயிற்று. மறுகா அதே ஒல்லிக் கட்டை, 'ட்ரில்' என்ற பெயரில பேரரசின்ட பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பி வந்தது. எங்கட இல்ல விளையாட்டுப் போட்டியில வெயிலுக்குள்ள வரிசையா நிக்கவிட்டுச் செய்விக்கிற உடற்பயிற்சிக் கண்காட்சி அதின்ட தூரத்துச் சொந்தம். பலத்துக்காக இருந்த ஒன்று ஒழுங்குக்காக மாறிப்போச்சு. குடியேற்றக்காரன் எங்களிட்ட இருந்து எடுத்துப் போனது எது, திருப்பித் தந்தது எது என்டு வகுப்பில பெரிய பெரிய உதாரணம் எல்லாம் படிக்கிறம். எனக்கு இந்தக் கட்டை ஒன்றே போதும்.

இப்ப சாண்டோ. உண்மைப் பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் மியூலர், பிறந்தது 1867, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சி நடந்த காலத்தில அங்க மேடையேறி அமெரிக்காவில பெயரெடுத்தார். அதுவரைக்கும் பலசாலி என்டா வயிறு பெருத்த, மீசை முறுக்கின சர்க்கஸ் ஆள். சாண்டோ தன்னைக் கிரேக்கச் சிலை மாதிரிக் காட்டினார். படம் பிடிச்சு வித்தார். 1901 செப்டெம்பர் 14 லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில அவர் நடத்தின உடற்கட்டுப் போட்டியில நடுவர்களில ஒருவர் ஷேர்லொக் ஹோம்ஸை எழுதின கொனன் டொயில். 1904-05 இல் இந்தியாவுக்கும் வந்தார். அதுக்குப் பிறகு அந்தப் பெயர் இஞ்ச பட்டமாயிற்று. கோயம்புத்தூரில தேகப்பயிற்சி சாலை நடத்தி, பிறகு படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவர் கடைசி வரைக்கும் சாண்டோ சின்னப்பா தேவர்தான். ஒரு ஜேர்மன்காரன்ட மேடைப் பெயர் ஒரு தமிழ்த் தேவருக்கு முன்னொட்டு!

ஆனா கவனிக்கவேண்டியது சாண்டோ என்ன வித்தார் என்டது. சுவரில கொளுவி இழுக்கிற 'டெவலப்பர்', ரெண்டாப் பிளந்து நடுவில ஸ்பிரிங் வைச்ச, இறுக்கிப் பிடிக்கவேண்டிய ஒரு டம்பெல். எல்லாம் பாரம் குறைஞ்சது, வீட்டுக்கு ஏத்தது, மனதை ஒருமுகப்படுத்தினாப் போதும் என்டு விளம்பரம். அவர்ர சொந்த உடம்பு அப்படி வரல்ல. பேராசிரியர் அட்டிலா என்டு அழைக்கப்பட்ட லூயிஸ் டேர்லாக்கரிட்ட பாரமான இரும்பைத் தூக்கித்தான் அந்த உடம்பு வந்தது. தான் தூக்கினது ஒன்று, வித்தது வேறொன்று. இன்ஸ்டகிராமில உடம்பைக் காட்டிப் பவுடர் விக்கிற ஆக்களைப் பாக்கக்குள்ள எனக்கு 1900 ஆம் ஆண்டுதான் ஞாபகம் வரும்.

இந்தப் புளுகைப் பிடிச்சவரும் சாண்டோவின்ட ரசிகர்தான். அலன் கால்வேர்ட் 1893 இல் சிக்காகோவில சாண்டோவைப் பாத்து மயங்கின ஒரு பெடியன். பிறகு யோசிச்சார்: பலசாலிகள் எல்லாம் பாரம் தூக்குறாங்க, சனத்துக்கு விக்கிறது மட்டும் ஏன் பாரமில்லாத சாமான்? 1902 இல் பிலடெல்பியாவில மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கினார். பாரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்லைச் சாதாரண ஆக்களுக்கு வித்தார். கம்பெனிக்கு வைச்ச பெயர் குரோட்டன் ஊர் மைலோவின்ட பெயர். கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கித் தூக்கி, அது மாடாகியும் தூக்கினான் என்டு சொல்ற கிரேக்கக் கதை மைலோ. இளவட்டக்கல்லில இல்லாத ஏணி இதுதான். நேற்று 20, இன்றைக்கு 21. என்னைக் கேட்டா எடைப் பயிற்சி வரலாற்றில உண்மையான கண்டுபிடிப்பு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதின்ட அலங்காரம்.

தட்டு மாத்துற கம்பியை ஜேர்மனியில 1910ஐ ஒட்டின வருசங்களில திருத்தினாங்க. நியூரெம்பேர்க்கின் காஸ்பர் பேர்க் செய்த, முனை சுழலுற பார்பெல் 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில பாவிக்கப்பட்டது. இன்றைக்கு நாங்க 'ஒலிம்பிக் பார்' என்டு சொல்றது அதின்ட பேரப்பிள்ளை: 2.2 மீற்றர் நீளம், 20 கிலோ, தட்டுப் போடுற முனை 50 மில்லிமீற்றர். பெண்களுக்கானது 15 கிலோ, பிடி 25 மில்லிமீற்றர் மெல்லிசு. நூறு வருசமா இதில பெரிய மாற்றம் ஒன்றும் இல்ல. அது எனக்கு நம்பிக்கை தருது. நூறு வருசம் மாறாத சாமானைக் கடைக்காரன் ஏமாத்தி விக்கிறது கஷ்டம்.

இயந்திரங்களுக்கும் நீண்ட வரலாறு இருக்கு. ஸ்டொக்ஹோமில 1860களில குஸ்தாவ் சாண்டர் என்ற வைத்தியர் நெம்பும் பாரமும் வைச்ச இயந்திரங்களால ஒரு நிலையமே நடத்தினார். 1957 இல் ஹரோல்ட் சின்கினின் யுனிவேர்சல், 1970 இல் ஆதர் ஜோன்ஸின் நோட்டிலஸ். இதெல்லாம் ஒரே நேரத்தில பலர் பயிலுற இடத்துக்கு, பயிற்றுநர் எல்லாரையும் பாக்க ஏலாத இடத்துக்கு யோசிச்சுச் செய்தது. வீட்டு மல்டிஜிம் அதின்ட மலிவுப் படி. ஏழடிப் பத்தியில ரெண்டு பேருக்கு அது எதுக்கு? இதைத்தான் அண்ணனுக்கு எழுதினன். 'நீ கனக்கப் படிச்சிட்டாய்' என்டு பதில் வந்தது.

படிச்சதில என்னை நிப்பாட்டினது தோமஸ் டிலோர்மின் கதை. ரெண்டாம் உலகப் போர் முடியிற நேரம் சிக்காகோ இராணுவ ஆஸ்பத்திரியில இருந்த டொக்டர். முழங்கால் உடைஞ்சு, தொடை மெலிஞ்சு வந்த சிப்பாய்களால வாட்டு நிரம்பி வழிஞ்சுது. அந்தக் காலத்து வைத்தியம் மெதுவா, பாரமில்லாம, கனதரம் அசைக்கச் சொல்லும். டிலோர்ம் தானே பார்பெல் தூக்கின ஆள். காயப்பட்டவங்களின்ட காலில இரும்புச் சப்பாத்துக் கட்டிப் பாரத்தைக் கிழமைக்குக் கிழமை கூட்டினார். 1945 இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். இன்றைக்கு எல்லா ஜிம்மிலயும் சொல்ற 'பத்துத் தரம், மூன்று செட்' அவர்ர வேலையில இருந்து வந்தது. பலப் பயிற்சி சர்க்கஸில இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு யுத்தத்தால.

யுத்தத்தால காலும் கையும் போன எத்தனை பேர் எங்கட வாவியின்ட ரெண்டு கரையிலயும் இருக்காங்க என்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஆனா எங்கட யுத்தம் எங்கட ஆக்களின்ட கையில இருந்து இரும்பைப் பறிச்சது. 1990க்குப் பிறகு கன காலம் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிட்ட, நகரமும் எழுவான்கரையும் அரசாங்கத்திட்ட. வாவியைக் கடந்து சீமெந்து, பற்றரி மாதிரிச் சாமான் கொண்டுபோறதுக்குத் தடையும் சோதனையும். 2007 இல் அந்தப் பிரிவு முடிஞ்சது. மண்முனைப் பாலம் வர 2014 ஆச்சு. என்ட மாமா தொண்ணூறுகளில இளந்தாரி. ரெண்டு பேணிக்குச் சீமெந்து ஊத்தி, நடுவில தண்ணிக் குழாய் வைச்சுக் காய விட்டு, அவரும் கூட்டாளியும் கிணத்தடியில தூக்கினாங்களாம். எத்தனையோ நாட்டுப் பெடியன்கள் செய்த அதே சாமான். மூன்று மாசத்தில தோள் விரிஞ்சுது, உள்ளங்கை காய்ச்சுப்போச்சு. சோதனைச் சாவடியில கையை விரிச்சுப் பாத்துக் கேள்வி கேக்கத் தொடங்கினாங்க: இது எங்க எடுத்த பயிற்சி? மற்றப் பக்கத்தில தோள் விரிஞ்ச பெடியனைக் கண்டா அவங்களுக்கு வேற ஆசை வரும். ஒரு நாள் மாமா வீட்டில இல்லாத நேரம் பாத்து அம்மம்மா அலவாங்கால அந்தப் பேணி ரெண்டையும் உடைச்சிட்டா. மெலிஞ்சு கிடந்தாத்தான் பிள்ளை உயிரோட இருப்பான் என்டு ஒரு தாய் கணக்குப் போட்ட காலம். மாமா இதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவார். அம்மம்மா சிரிக்கமாட்டா.

எங்கட ஊரில விளையாட்டு வரலாறு எழுதினா வெபர் மைதானம் வரும், அமெரிக்க யேசுசபைக் குருமார் வருவாங்க, கூடைப்பந்து வரும். கிணத்தடிப் பேணிகள் வராது. நான் அதை இஞ்ச எழுதி வைக்கிறதுக்கு அது ஒரு காரணம்.

பொம்பிளைகளின்ட கணக்கு இன்னும் பிந்தித் தொடங்குது. ஒலிம்பிக்கில பெண்களுக்குப் பாரம் தூக்குதல் வந்ததே 2000 சிட்னியில. அந்த முதல் தடவையே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 110, 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் எடுத்தா. ஒலிம்பிக் பதக்கம் எடுத்த முதல் இந்தியப் பெண் அவதான். 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில எங்கட நாட்டின் தினூஷா கோமஸ் 48 கிலோ பிரிவில வெண்கலம் எடுத்தா. 'பொம்பிளை பாரம் தூக்கக்கூடாது, உடம்பு கெட்டுப்போகும்' என்டு சொல்ற அதே வாய், தண்ணிக் குடத்தை இடுப்பில வைச்சுக்கொண்டு போற பெண்ணுக்கு ஒன்றும் சொன்னதில்ல.

எங்கட பத்தியில அம்மாவுக்கும் பங்கு இருக்கு. முழங்கால் நோ, சீனி வருத்தம். 1990 இல் பொஸ்ரனில மரியா பியாட்டரோன் குழு ஒரு முதியோர் இல்லத்தில 90 வயதை ஒட்டின பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரப் பயிற்சி குடுத்தாங்க. ஒன்பது பேர் முடிச்சாங்க, அவங்களின்ட கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடினது. தொண்ணூறு வயதில! உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலும் வளர்ந்தவங்க கிழமையில ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி குடுக்கணும் என்டு சொல்லுது. நடந்தாப் போதும் என்டு நினைச்சிருந்த அம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டினன். 'எனக்கு எத்தனை கிலோ?' என்டு கேட்டா. ஒரு வீட்டுக்குச் சாமான் எடுக்கக்குள்ள மிகப் பலமான ஆளை நினைச்சு எடுக்கிறாங்க; மிகப் பலவீனமான ஆளுக்கு அந்தக் கம்பி எவ்வளவு குறைவாப் போகும் என்டுதான் முதல்ல பாக்கணும். வெறும் 20 கிலோக் கம்பி அம்மாவுக்கு மலை.

அப்ப என்ன வாங்கப் போறம்? ஒரு கம்பி, தட்டுகள், தட்டு மாத்துற சின்னக் கம்பி ரெண்டு. அவ்வளவுதான். இதில கவனிக்கவேண்டியது தட்டின்ட ஓட்டை. ஒலிம்பிக் தட்டுக்கு 50 மில்லிமீற்றர், சாதாரண வீட்டுத் தட்டுக்கு 25 முதல் 30 வரை. ரெண்டையும் கலந்து வாங்கினா ஒன்றுக்கும் உதவாது. ஒரு வகையைத் தெரிஞ்சு கடைசி வரைக்கும் அதிலயே நிக்கணும். எங்கட கணக்குக்குச் சின்ன ஓட்டைதான் சரி, கம்பி பாரம் குறைவு, பழைய தட்டும் லேசாக் கிடைக்கும். பழைய தட்டில இலக்கம் மட்டும் பாத்து ஏமாறாதீங்க; 20 என்டு இருந்தா அது இறாத்தலா கிலோவா என்டு பாருங்க. 20 இறாத்தல் 9 கிலோதான் வரும். 1.25 கிலோத் தட்டு ஒரு சோடி கட்டாயம் வேணும், அதில்லாட்டி ஏணியில படி இல்ல.

2022 இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்தில இருந்து ரெண்டு மூன்று மாசத்தில 360 தாண்டினதுக்குப் பிறகு கப்பலில வாற இரும்புக்கு வந்த விலை உங்களுக்குத் தெரியும். அதால சீமெந்து இன்னும் கேவலமான யோசனை இல்ல. 5 லீற்றர் பெயின்ற் வாளி நிறையக் கொங்கிறீற் போட்டா ஏறத்தாழ 12 கிலோ. ஆனா அதே பாரத்துக்குக் கொங்கிறீற் இரும்பை விட மூன்று மடங்கு இடம் பிடிக்கும், விழுந்தா வெடிக்கும். குந்தி எழும்பக் குறுக்கால கம்பியைத் தாங்கிற தூணுக்கு அது நல்லம்: பழைய ரயருக்கு நடுவில மரத்தூணை நிறுத்திக் கொங்கிறீற் ஊத்தினா அசையாது. தட்டுக்கு இரும்புதான்.

நிலத்திலிருந்து தூக்கிற பயிற்சிக்கு இன்னொரு கணக்கு இருக்கு. ஒலிம்பிக் பெரிய தட்டின்ட விட்டம் 450 மில்லிமீற்றர், அதால கம்பி நிலத்திலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில நிக்கும். சின்னத் தட்டுப் போட்டா கம்பி கீழ போகும், முதுகு வளையும். ரெண்டு பக்கமும் பலகை அடுக்கி உயர்த்திட்டாச் சரி. வாங்கில படுத்துத் தள்ளுற பயிற்சிக்கு உதவிக்கு ஆள் இல்லாட்டி வாங்கே வேண்டாம், நிலத்தில படுத்துத் தள்ளுங்க. ஜிம்முக்கு வாங்கு வர முந்தி எல்லாரும் அப்படித்தான் தள்ளினாங்க. முழங்கை நிலத்தில முட்டினதும் கம்பி நிக்கும், கழுத்துக்கு வராது.

மிச்சம் இருக்கிறது உப்புக்காத்து. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி; சைக்கிள் சங்கிலி ரெண்டு கிழமையில சிவக்கிற ஊர். குரோம் பூசின கம்பியில ஒரு கீறல் விழுந்தாப் போதும், அதுக்குள்ளால துரு ஏறிப் பூச்சு செதிலாக் கழரும். மல்டிஜிம்மின்ட கேபிளுக்கும் கப்பிக்கும் இஞ்ச ஆயுள் குறைவு என்டு அண்ணனுக்குச் சொன்ன கடைசிக் காரணம் இதுதான், அவன் ஒத்துக்கொண்டதும் இதுக்குத்தான். பழைய இரும்புத் தட்டைக் கம்பித் தூரிகையால தேய்ச்சுக் கறுப்புப் பெயின்ற் அடிக்கலாம், கம்பியைக் கிழமைக்கு ஒருக்கா மெசின் எண்ணெய்த் துணியால துடைக்கலாம். துடைக்கிற பொறுப்பைத் தங்கச்சி எடுத்திருக்கிறாள். நிறம் மட்டும் இன்னும் முடிவாகல்ல. அவள் கறுப்பு வேண்டாம், மஞ்சள் அடிப்பம் என்கிறாள்.